எந்தச் சுவரில் மாடம்

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு குழி வெட்டக் கிளம்பிய கொழுந்தன் சடையனை, பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து வாசலில் மறித்தாள் குஞ்சம்மாள். ஒப்பாரி பாதியில் நின்றது. புருசன் உடம்பு ஆறுவதற்குள் எழுந்து நடமாடுகிற பெண்டாட்டியை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

“தம்பி, சித்த நில்லு சாமி.”

“என்னுங்க அண்ணி?”

“குழியில தலமாட்டுப் பக்கம், சோத்தாங்கைச் செவுத்துல ஒரு மாடம் வெச்சு வெட்டு.”

சடையன் கடப்பாரையை இறக்கினான். “குழியில எதுக்குங்க மாடம்? வெளக்கா ஏத்தப் போறோம்?”

கூடக் கிளம்பியிருந்த பங்காளி ரங்கன், வந்த சிரிப்பை இருமலாக மாற்றினான்.

“உங்கண்ணன் நேத்துக் கேட்டாரு. நாந்தான் பதில் சொல்லாம உட்டுட்டன்.”

அதற்குள் செத்துப்போன மாதையனின் அக்கா பாவாயி முந்தானையை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். “ஏ புள்ள, உனக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சா? குழியில எடம் உட்டா அது சும்மா கெடக்குமா? ஆளத் தேடும். இந்த ஊட்டுலயே இன்னொண்ணக் கேக்கும்.”

“கேட்டா நானே போறன் நங்க. உங்களையா தள்ளிவிடப் போறன்?” என்றாள் குஞ்சம்மாள் நாத்தனாரிடம்.

“வாயப் பாரு. தாலி கழுத்துல இருக்குறப்பவே இந்தப் பேச்சு.”

சடையன் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவனுக்கு இரண்டு சிறுசுகள். இரண்டும் அந்த வீட்டுக்குள்தான் தூங்குகின்றன. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஊரில் எவன் செத்தாலும் குழிக்குத் தனியாக ஆள் உண்டு. கிணறு வெட்டுகிறவர்களின் தெருவில் மட்டும் பங்காளிகளே வெட்டிக்கொள்வார்கள். அடுத்தவன் வெட்டிய குழியைப் பார்த்து, சுவர் கோணல், மூலை சரியில்லை என்று குறை சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. பிணத்தை வைத்துக்கொண்டே சண்டை வரும்.

குஞ்சம்மாள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மாதையனின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பேச்சை நடுவில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

கல்யாணமான முதல் கோடையில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் தோட்டத்தில் கிணறு இறங்கினார்கள். அடியில் அவன் பாறையைப் பெயர்த்தான். மேலே சகடைக் கயிற்றைப் பிடித்து மண்கூடை இழுத்தாள் அவள். வெயில் மண்டையைப் பிளந்தது. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக் கத்தினாள்:

“ஏனுங்கோ, அங்க குளுகுளுன்னு இருக்குதா?”

“ஒரு ஊடே கட்டிக்கலாம் புள்ள!”

“அப்பக் கட்டுங்க. பொழுதோட சோத்துச் சட்டியத் தூக்கிக்கிட்டு நானும் எறங்கி வாரன்.”

அப்படித்தான் தொடங்கியது, பேச்சிலேயே கட்டிய வீடு. கிணற்றுச் சுவரைக் குடைந்து உள்ளே அறைகள். கூரை மேய வேண்டாம். கவுண்டரின் கடலைக்காடே கூரை. வெறுங்கூடை இறங்கும்போது அவள் ஒரு கேள்வியை அனுப்புவாள். மண்கூடை ஏறும்போது அவன் பதில் வரும். அடுப்புப் புகை எந்த வழியாகப் போகும்? அரைநாள் யோசித்து, மேலே நின்ற மொட்டைப் பனையைக் குடைந்து அதன் வழியாக விட்டான். “பனமரம் பொகையறதப் பாத்தா கவுண்டரு பேயின்னு ஓடிருவாருங்க” என்றாள். ஆடுகள் எப்படி இறங்கும்? சுவரைச் சுற்றிச் சுற்றி அகலமாகப் படி வந்தது. “அம்மாளால அத்தனை படி எறங்க முடியாதே” என்று அவன் தன் தாயை நினைத்துக் கவலைப்பட்டான். “ஆமாங்க, பாவம்” என்றாள் மேலிருந்து. அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கு ஒரே எமன் தண்ணீர். ஊற்று உடைத்துக்கொண்ட அன்று தோட்டக்காரர் தேங்காய் உடைப்பார். வீடு முழுகிப் போகும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாதையன் அண்ணாந்து பார்ப்பான். “போச்சு புள்ள.”

“போனாப் போவுதுங்க. அடுத்த கெணத்துல இன்னுங் கொஞ்சம் அகலமாக் கட்டலாம்.”

எத்தனை வெட்டியும் ஈரம் காட்டாத கிணறுகளும் உண்டு. தோட்டக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது, இவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாமான்களைக் கட்டுவார்கள்.

ஒன்றில் மட்டும் அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை.

“எனக்கு ஒரு மாடம் வேணுங்க.”

“எதுக்கு?”

“என்ற சாமான் வெக்கத்தான்.”

“உனக்கென்ன புள்ள சாமான் இருக்குது?”

“இருக்குதோ இல்லையோ, எடம் இருக்கோணும்.”

“பாறைச் செவுத்துல பொத்தல் போட்டா, வேட்டு வெக்கறப்ப வாயப் பொளந்துக்கும். போ, போயிக் கயித்தப் புடி.”

ஒவ்வொரு கிணற்றிலும் கேட்டாள். ஒவ்வொரு கிணற்றிலும் மறுத்தான். ஊஞ்சல் கிடைத்தது, மாட்டுக் கொட்டாய் கிடைத்தது, ஒரு முறை வெறும் நிலா பார்ப்பதற்கென்றே ஒரு பொந்துகூடக் கிடைத்தது. மாடம் கிடைக்கவில்லை. மேலே அவர்கள் குடியிருந்த வீட்டில் எல்லோரும் படுத்தால் காலை நீட்ட முடியாது. அவளுடைய மாற்றுச் சேலை கூரைக் கழியில்தான் தொங்கியது.

கல்தூசி நெஞ்சில் இறங்கிய பிறகு மாதையன் கிணறு இறங்கவில்லை. பாயில் கிடந்தபடி வீட்டை மட்டும் விடாமல் கட்டினான். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கும். அவள் காத்திருப்பாள். நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் கஞ்சித் தம்ளரை நீட்டினாள். கையால் தள்ளினான்.

“செரி, வெச்சுக்கலாம். எந்தச் செவுத்துல?”

“என்னதுங்க?”

“மாடம்.”

இத்தனை காலம் கேட்டவள், எந்தச் சுவர் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எப்படியும் இல்லை என்றுதானே சொல்லப் போகிறான் என்று இருந்துவிட்டாள்.

“காத்தால சொல்றன். கஞ்சியக் குடிங்க.”

விடிந்து பார்த்தபோது அவள் பக்கமாக, வலக்கைப் புறம் ஒருக்களித்து, விறைத்துக் கிடந்தான். நிமிர்த்திப் படுக்க வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. எந்தச் சுவர் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த வருசம் மழையே இல்லை. பனமரத்துப்பட்டி ஏரியில் மாடு மேய்ந்தது. பிணத்தைக் குளிப்பாட்டவே சைக்கிளில் குடம் கட்டி எங்கிருந்தோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாவாயி சொட்டுச் சொட்டாக ஊற்றித் தம்பியின் முகத்தைத் துடைத்தாள். பிறகு தூக்கினார்கள். பெண்களுக்குத் தெருமுனை வரைதான். பாடை வேலிமுள்ளைத் தாண்டி மறைந்தது. பறைச் சத்தம் தேய்ந்து தேய்ந்து, அதுவும் நின்றது.

வீட்டைச் சாணி போட்டு மெழுகிவிட்டு, பாவாயி அவள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“சடையன் வெட்டியிருக்க மாட்டான் புள்ள. மனசுல வெச்சுக்காத. பயந்தாங்கொள்ளி. சின்னதுல இருட்டுல ஒண்ணுக்குப் போவோணும்னாக்கூட என்னையத்தான் எழுப்புவான்.”

குஞ்சம்மாள் தெருமுனையைப் பார்த்தபடி இருந்தாள்.

“செத்தவனுக்கு எதுக்குடி மாடம்? அவங்கிட்ட என்ன இருக்குது வெக்கறதுக்கு?”

“அவருக்கில்லீங்க நங்க.”

பாவாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிறுசுகள் சாப்பிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.

வெயில் தாழ ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஏரியில் முங்கி எழுந்து வர வழியில்லாததால் வாசலில் ஒரு குடம் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே குஞ்சம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டாள். ரங்கன் கை நீட்டினான். மணிக்கட்டு வரை மண். ஊற்றினாள். மற்றவர்களும் அப்படித்தான், ஒரு கை தண்ணீர், உதறல், அவ்வளவுதான். எல்லோரும் சாவுவீட்டுச் சொல் இரண்டு சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியாக சடையன் வந்தான். துண்டை வலத்தோளில் போட்டு முழங்கைக்குக் கீழே வரை தொங்க விட்டிருந்தான். பாவாயி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவன் அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். இடக்கையை முதலில் நீட்டினான். விரல்களில்தான் மண். ஊற்றினாள்.

அவன் துண்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வலக்கையை நீட்டினான். செம்மண் நகக்கண்ணிலிருந்து முழங்கையைத் தாண்டி, அக்குள் வரை ஏறியிருந்தது. தோள்பட்டையில் சுக்கான்கல் கீறிய கோடுகள்.

அவன் நிமிரவில்லை. குஞ்சம்மாள் அவன் தோளிலிருந்து தொடங்கி மெல்ல ஊற்றினாள். சிவப்பாக வழிந்தது.

“தண்ணியப் பாத்து ஊத்து புள்ள” என்றாள் பாவாயி பின்னாலிருந்து. “ராத்திரிக்கிக் குடிக்கோணும்.”

குஞ்சம்மாள் குனிந்து, சொம்பு நிறைய இன்னொரு முறை மொண்டாள்.