டூப்பின் முகம்

படக் கம்பெனியில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செவப்பண்ணன் என்பார்கள். கலர்ப் படம் வந்த புதிதில் மற்ற கேமராமேன்கள் எடுத்த சிவப்பெல்லாம் சாயம் போன துணி மாதிரி திரையில் தெரிந்தபோது, இவர் எடுத்தது மட்டும் சிவப்பாகவே நின்றது. அதனால் வந்த பெயர். கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது.

வெட்டுக்குத்துக் காட்சி என்றால் இவரைத்தான் தேடுவார்கள். நிஜ ரத்தம் அந்தப் பிலிமில் மை கொட்டியது போலக் கறுப்பாக விழும். அதனால் சர்க்கரைப் பாகில் ஆரஞ்சுச் சாயத்தைத் தன் கையாலேயே கலந்து, மேக்கப்காரரிடம் கொடுத்து, "நல்லாக் குலுக்கி ஊத்துய்யா" என்பார். பதினோரு படங்களில் இருநூறு பேரையாவது கொன்றிருப்பார். ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

அன்றைக்கு வினை வாளில் ஆரம்பித்தது. தகர வாள் விளக்கில் மின்னவில்லை, எஃகு வாள்தான் வேண்டும் என்றார். சண்டை மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மழுங்கினதா இருந்தாலும் எஃகு எஃகுதாண்ணே. வேர்வைல பிடி நழுவுச்சுன்னா?"

செவப்பண்ணன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எஃகு வாள் வந்தது.

வெட்டுப்பட வேண்டியவன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. வில்லனுக்கு டூப். எட்டு வருஷமாக யார் யாருக்காகவோ மாடியிலிருந்து விழுந்தவன், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தவன். ஒரு படத்திலும் அவன் முகம் தெரிந்ததில்லை. தெரியக் கூடாது என்பதுதான் அந்தத் தொழில். காலையில் பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டே அண்ணனிடம் கேட்டான்.

"ஒரே ஒரு தடவ என் மூஞ்சி விழட்டும்ணே. எம் பொண்ணுக்குக் காட்டணும். நாந்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா."

"உன் மூஞ்சி விழுந்தா ஷாட்டு குப்பைக்குத்தான் போகும். பொழப்பப் பாருடா."

"நீ மனசு வச்சா முடியும்ணே."

"காட்டித்தான் பாரேன். செட்டுலயே செருப்பால அடிப்பேன்."

தம்பி சிரித்தான். அண்ணன் எவ்வளவு திட்டினாலும் சிரிப்பான். பயல் எப்படியாவது முகத்தை நுழைத்துவிடப் போகிறான் என்று அவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

விளக்குகளின் சூட்டில் செட் அடுப்பாகக் கொதித்தது. ஹீரோவின் முதல் வெட்டு கேடயத்தில் விழுந்தது, இரண்டாவது தூணில். மூன்றாவதில் வேர்த்த கையில் பிடி திரும்பிவிட்டது. வாள் தம்பியின் விலாவுக்குக் கீழே ஏறிக் குறுக்கே இழுத்தது. வயிறு கிழிந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான், விரல் இடுக்கில் கொப்பளித்து முழங்கால் வரை வழிந்தது. பொய் ரத்தப் பை கட்டியிருந்த இடமும் அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆவேசத்தில் இருந்த ஹீரோ அடுத்த வெட்டைத் தோளில் இறக்கினார்.

செவப்பண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்து என்ன? ஆரஞ்சு இல்லை, கறுத்த சிவப்பு. குலுக்காமல் ஊற்றிவிட்டான் மடையன் என்று மேக்கப்காரரைத் திட்டினார். ரத்தத்தைப் பார்த்து, இது ரத்தம் மாதிரி இல்லையே என்று கோபப்பட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்போது தம்பி திரும்பி நேராகக் கேமராவைப் பார்த்தான். வாய் திறந்தது.

"மூஞ்சியத் திருப்புடா நாயே!" என்று கத்தினார்.

தம்பி திருப்பிக்கொண்டான். முதுகைக் காட்டியபடி, முடி முன்னால் விழ, ஒத்திகையில் செய்தது போலவே சாய்ந்தான். கட் சொன்னதும் செட்டே கை தட்டியது. எழுந்திருக்காதவனைச் சண்டை மாஸ்டர் புரட்டிய பிறகுதான் கைத்தட்டல் நின்றது. செவப்பண்ணன் கேமரா மேடையிலிருந்து குதித்து ஓடினார். ஹீரோவின் கழுத்தைப் பிடித்துத் தூணில் மோதினார். மேக்கப்காரரின் மூக்கை உடைத்தார். அடிக்க வேண்டிய ஆள் யார் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வண்டி வரும் முன்பே தம்பி போய்விட்டான்.

பத்தாம் நாள் பிலிம் கழுவி வந்தது. தம்பி மகளுக்கு அந்த முகத்தை வெட்டிக் கொடுக்கலாம் என்று செவப்பண்ணன் லேபுக்குப் போனார். டைரக்டரும் வந்திருந்தார். காட்சி ஒரு தடவை திரையில் ஓடி முடிந்ததும் அவர் சொன்னார்.

"ரெண்டு செகண்டு மூஞ்சி தெரியுதுண்ணே. அத எடுத்துட்டா வச்சுக்கலாம்."

செவப்பண்ணன் கையில் இருந்த பிலிம் டப்பாவால் டைரக்டரின் வாயிலேயே அடித்தார். இரண்டு பல் தரையில் உருண்டது. டைரக்டரை வெளியே தள்ளித் தாழ் போட்டுவிட்டு, ஆபரேட்டரிடம் திரும்பப் போடச் சொன்னார்.

கறுப்பு மையாக ரத்தம் வழிய, தம்பி கேமரா பக்கம் திரும்பினான். கிழிந்த வயிற்றோடு திரும்பிய அந்த முகத்தில் பயமே இல்லை. அண்ணன் இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்ற நிம்மதிதான் இருந்தது. பயம் அதற்கப்புறம், அவர் கத்திய இடத்தில்தான் வந்தது.