மேசைக்கு அம்மைத் தழும்பு

எங்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபத்திரண்டு வருட வேலை, சும்மாவா? அந்தத் தெம்பில்தான், “இந்த வளாகத்துக்குள் அடிமைகள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை” என்று, பல்கலைக்கழகத்தின் அடிமை வரலாற்றை விசாரிக்க அமைத்த குழுவுக்கான அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். கட்டடம் கட்டக் கொடை கொடுத்த துரைமார்கள் தங்கள் தோட்டங்களில் அடிமைகளை வைத்திருந்தார்கள். அதை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். வளாகத்துக்குள் மட்டும் யாரும் அகப்படவில்லை. வேலைக்காரர் கோப்பு, விடுதிக் கோப்பு எல்லாவற்றையும் இரண்டு வருடம் சலித்தாயிற்று. மறுநாள் குழு கூடி அறிக்கையை ஏற்றுக்கொள்வதுதான் பாக்கி.

அன்று காலை, ஈரம் பாய்ந்த பெட்டிகளைக் கிடங்கிலிருந்து காகித ஆலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கிடங்கைப் பார்த்துக்கொள்பவன் என் கொழுந்தன். கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம்.

“அண்ணி, இங்க வாங்களேன். ஒரு மேசைக்கு அம்மைத் தழும்பு இருக்காம்!”

“வேலையப் பாருப்பா. வண்டி நிக்குது.”

“சத்தியமா அண்ணி. வயசு பதினாலுன்னு வேற போட்டிருக்கு.”

எரிச்சலோடு போனேன். பெட்டியின் மேல் ‘மேசை நாற்காலி, பழுது’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு தடித்த பதிவேடு. முதல் முப்பது பக்கம் பெஞ்சும் கட்டிலும். அதற்குப் பிறகு இப்படிப் போயிற்று:

மேசை, ஒன்று, கால் ஆட்டம். பெண், ஒருத்தி, வயது பதினான்கு, அம்மைத் தழும்பு. விளக்கு, நான்கு, நல்ல நிலை. ஆண், ஒருவன், நூலக வேலை, இடது கண் தெரியாது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று பேர். ஒருவருக்கும் பெயர் இல்லை. மனிதர்களைத் தேட வேண்டிய கோப்புகளில் நான் தேடியிருக்கிறேன். எழுதினவனுக்கோ அவர்கள் தட்டுமுட்டுச் சாமான். கோபம் தலைக்கேறியது, முதலில் அவன் மேல், பிறகு என் மேல். இந்தப் பெட்டியை ஆலைக்கு அனுப்பச் சொன்ன கழிவுப் பட்டியலில் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டதே நான்தான். மேலே எழுதியிருந்ததைப் படித்தேன், தள்ளிவிட்டேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

“என்னாச்சு அண்ணி? தண்ணி கொண்டு வரவா?” கொழுந்தனின் சிரிப்பு அடங்கியிருந்தது.

“வண்டியத் திருப்பி அனுப்பு. ஒரு தாள் வெளிய போகக் கூடாது.”

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நேரே பதிவாளர் அறைக்குப் போனேன். மனிதர் நான்கு பக்கம் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“அறிக்கை அச்சாகி வந்தாச்சும்மா. இதை அடுத்த பதிப்புல பாத்துக்கலாமே.”

“அடுத்த பதிப்புன்னு ஒண்ணு வரவே வராது. அது உங்களுக்கும் தெரியும் சார்.”

குரலைத் தாழ்த்தினார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இது வெளிய வந்தா கழிவுப் பட்டியலும் வெளிய வரும். காப்பகத் தலைமை உங்களுக்குத்தான்னு முடிவாயிருக்கு, கெடுத்துக்காதீங்க. பட்டியலை நான் கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க இதை அலமாரில வெச்சுப் பூட்டிடுங்க.”

சபலம் தட்டவில்லை என்றால் பொய். அந்தப் பதவிக்காக எத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! ஆனால் கிழிப்பதாமே? காப்பகக்காரியிடமே வந்து தாளைக் கிழிக்கிறேன் என்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம்!

“ஒரு தாளையும் கிழிக்க விடமாட்டேன் சார்.” பதிவேட்டோடு அவர் மேசையிலிருந்த கழிவுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் குழுவில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் பதிவேட்டின் நகலைக் கொடுத்தேன். அறிக்கையில் இருந்த என் வாக்கியத்தை அவர்கள் கண்ணெதிரிலேயே அடித்தேன். பிறகு அந்தப் பக்கங்களை, மேசை, விளக்கு எதையும் விடாமல், உரக்கப் படித்தேன். என் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. யாரும் தேநீரைத் தொடவில்லை.

குழுத் தலைவி ஓய்வுபெற்ற நீதிபதி. நகலை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இத்தனை பேரையும் மேசை நாற்காலியோட சேர்த்தது யாரு?”

“முதல்ல சேர்த்தவர் பேரு தெரியலை மேடம். இருநூறு வருஷம் ஆச்சு.”

பக்கத்தில் பதிவாளர் இருமினார். நான் கழிவுப் பட்டியலை எடுத்துத் தலைவியின் முன்னால் வைத்தேன்.

“திங்கக்கிழமை சேர்த்தது நான்.”