மறைவு 9.4.2009

2006 முதல் 2009 பெரிய வியாழன் வரை, தக்கலைக்கு மேற்கே இருந்த அகதி முகாமில் யோகமலர் வைத்திருந்த ஸ்டாம்ப் சைஸ் படம் தினமும் காலை ஆறேகாலுக்குப் பாடியது. படத்தில் இருந்தவன் அவருடைய ஒரே மகன் நிரோஷன். வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார், பாட்டுக் கட்டுகிறவன். அங்கே அவன் கட்டியதை இங்கே படம் பாடும். யோகமலர் நோட்டில் எழுதிக்கொள்வார். சண்டை நெருங்க நெருங்கப் பாட்டுகள் குட்டையாகின. ஒருநாள் இரண்டே வரி: ‘பதுங்குகுழிக்குள் மழை வந்தது, அதற்கும் இடம் விட்டோம்.’ பாடினால் பையன் உயிரோடு இருக்கிறான். கேட்ட பிறகுதான் அவர் அடுப்பு மூட்டுவார். படம் நகத்தளவு, சத்தமும் அவ்வளவுதான். முகாமில் எல்லோருக்கும் அந்தப் பக்கம் ஆள் உண்டு என்பதால் வரிசையில் நின்று காதில் வைத்துக் கேட்டார்கள். படத்தைப் பெரிதாக்கினால் சத்தமும் பெரிதாகும் என்று யாருக்கோ தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருந்த பெனிட்டோ கடியப்பட்டணத்துக்காரர். அவர் ஊரில் ஒற்றை ஆளின் படத்தைப் பெரிதாக்கினால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தம். சுனாமி கழிந்த ஜனவரியில் மட்டும் நாற்பத்தொரு படங்களைப் பெரிதாக்கினார். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்காமல் போடும் பழக்கம் அப்போது வந்ததுதான். “தம்பி, இவனைப் பெரிசாக்கித் தாங்கோ” என்று மட்டும் யோகமலர் சொன்னார். பெற்றவளிடம் போய் எப்போது செத்தான் என்று கேட்பதாவது என்று, பெரிய மனசுக்காரர், கேட்கவில்லை. அன்று பெரிய வியாழன், பூசைக்கு ஊருக்குப் போகிற அவசரம் வேறு. படத்தில் சந்தன மாலை போட்டு, கீழே ‘மறைவு’ என்று அன்றைய தேதியையே அடித்தார். அச்சு வெளியே வரும்போது மேசையில் கிடந்த சின்னப் படம் ஒருமுறை விக்கியது. மெஷின் சத்தம் என்று நினைத்துக் கடையைப் பூட்டினார்.

படத்தை வாங்க வந்த யோகமலர் மாலையைக் கண்டும் திட்டவில்லை. “இவன் சாகேல்லை, தம்பி” என்று சொல்லிவிட்டு நின்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெனிட்டோ பிழைத்திருப்பார். மாலையை அழித்து, தேதியை அழித்து, ஏழு தடவை அச்செடுத்துக் கொடுத்தார். ஒன்றும் பாடவில்லை. சின்னப் படமும் பாடவில்லை. மே மாதம் சண்டை முடிந்தது. அத்தனை குண்டு விழுந்த இடத்தில் என் மாலையா கொன்றது என்று பெனிட்டோ இரண்டு வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்வது எளிதாக இருந்தது, உறங்குவதுதான் முடியவில்லை.

2011இல் வன்னியிலிருந்து ஒருவர் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவரை யோகமலர் நேரே ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்தார். 2009 சித்திரை வருசப்பிறப்பன்று, அதாவது தேதி அடித்து ஐந்தாம் நாள், வந்தவர் நிரோஷனைக் கண்டிருக்கிறார். “வியாழக்கிழமையில இருந்து அவனுக்குக் குரல் வரேல்லை. பாட்டை எழுதித்தான் காட்டினவன்” என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. பெனிட்டோவுக்கு அதுவே போதும். பாட்டை நிறுத்தியது குண்டு இல்லை.

மறுநாள் பெனிட்டோ தன் படத்தையே பெரிதாக்கி, அதே சந்தன மாலையைப் போட்டு, அதே தேதியை அடித்து, ஸ்டுடியோ சுவரில் மாட்டினார். அவர் மனைவி ரெஜிஷா கண்டு கொதித்துப்போனாள். “ஆளு உயிரோட இருக்கும்போ மாலை போட்டு வச்சிருக்கீரே, இத கண்டா பிள்ளைய பேடிச்சு அழாதா? கழத்தும் அத.” பதில் சொல்ல வாய் திறந்தார் பெனிட்டோ. குரல் வரவில்லை, பிறகும் வரவேயில்லை. அடுத்த காலை ஆறேகாலுக்கு அவர் படம் பாடியது. கோயில் பாட்டுக்குழுவில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பெனிட்டோவின் அதே கட்டைக் குரல்.

ரெஜிஷா ஆள் அனுப்பினாள். யோகமலர் நோட்டோடு வந்து, அடுத்த நாள் ஆறேகாலுக்குப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார். “ராகம் பிழை” என்றார். நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். அந்த வரிகள் அதில் இல்லை. “சொல் அவன்ரதான். புதுசு” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

முகாம்காரர்கள் முதல் பஸ்ஸில் வருவதால் ஸ்டுடியோ இப்போது ஆறு மணிக்கே திறக்கிறது. ரெஜிஷா சாயா போடுகிறாள். படம் பெரிதாக்க வருகிறவர்களிடம் பெனிட்டோ முதலில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுகிறார். அதில் ‘ஆள் இருக்காரா?’ என்று எழுதியிருக்கும்.