கீழ்ப்பிடிக்காரர்

இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மூச்சு முட்டிவிட்டது. நெஞ்சுக்குள் ஈரச் சாக்கைத் திணித்ததுபோல ஒரு கனம். ஒரு வாரமாகக் கணுக்கால் வேறு வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். ஃப்ரிட்ஜின் மேல்பக்கம் என் கையில், அடிப்பக்கம் கட்டையண்ணன் கையில்.

வீடு மாறுகிறவர்களின் சாமான் தூக்குவது எங்கள் வேலை. மாடிப்படியில் கீழே நிற்பவனுக்குத்தான் பாரம். முன்பெல்லாம் மாறி மாறி நிற்போம். எட்டு மாதமாக நான் மேல்பிடியை விடவில்லை. அண்ணன் ஏன் என்று கேட்டதில்லை.

"குட்டையா பொறந்தவன் கீழதானேடா நிக்கணும். ஆண்டவன் அளந்து பார்த்துத்தான் அனுப்பியிருக்கான்" என்று சிரிப்பார்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முடியாதவன் "வை" என்றால், அடுத்தவன் காரணம் கேட்காமல் படியிலேயே இறக்கிவிட வேண்டும். அன்று அதற்குள் இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை சொல்ல வெட்கம். இன்னும் ஆறு படிதானே என்று பல்லைக் கடித்தேன். நாலாவது படியில் கண் இருட்டியது. கையை விட்டுவிட்டேன்.

ஃப்ரிட்ஜ் அவரைச் சுவரோடு சாய்த்து வலது முழங்காலை நசுக்கியது.

முதலாளி ஓடி வந்தார். "எப்படிய்யா ஆச்சு?"

"என் கால்தான் வழுக்கிடுச்சு" என்றார் அண்ணன். முகம் சாம்பலாகியிருந்தது. "தம்பி மேல தப்பில்ல."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்க வைத்ததும் என்னை அருகில் கூப்பிட்டார். "நீ போய் நெஞ்சைக் காட்டு. எட்டு மாசமா என் தலைக்கு மேல நின்னு இழுத்து இழுத்து மூச்சு விடுற. நான் குட்டைதான்டா, செவிடு இல்ல."

எனக்குப் பத்தொன்பது வயதில் கழுத்தில் கட்டி வந்தது. கேன்சர். ஆறு மாதம் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றினார்கள், பிழைத்தேன். அந்த மருந்து பல வருடம் கழித்தும் இதயத்தைப் பதம் பார்க்கும், உடம்பு நன்றாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். முதலில் ஒழுங்காகப் போனேன். கடைசி மூன்று முறை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டு வீட்டுக்கு வந்து, "எல்லாம் நார்மல்" என்றேன். எதையாவது கண்டுபிடித்தால் பாரம் தூக்காதே என்பார்கள். தூக்குவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

மறுநாள் என் மனைவியும் கூட வந்தாள். மார்பில் சில்லென்று களிம்பைத் தடவி, கருவியை அழுத்திப் பார்த்தார்கள்.

"இதயம் ரத்தத்தைத் தள்ளுற சக்தி அறுபது பக்கம் இருக்கணும். உங்களுக்கு முப்பத்தெட்டு" என்றார் டாக்டரம்மா. "மாத்திரையில கொஞ்சம் ஏத்தலாம். பாரம் தூக்குறது இப்போதைக்கு வேண்டாம். கடைசியா எக்கோ எப்ப எடுத்தீங்க?"

"ஏழு வருஷம் இருக்கும்."

"அடடா. ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்வளவு இறங்க விட்டிருக்க மாட்டோமே."

மனைவி கத்தவில்லை. மடியில் இருந்த ஃபைலை மூடினாள். "அப்ப போன வருஷம் நார்மல்னு சொன்னீங்களே, அது யாரோட நெஞ்சு?"

பத்து நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். முழங்கால் இனி முழுசாக மடங்காதாம். அண்ணி தலையணையைச் சரி செய்தபடியே அவரை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இருபது வருஷமா தூக்குற மனுஷனுக்குக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாதா? கண்ணைப் பொடனியிலயா வச்சிருந்தீங்க? இந்தத் தம்பி மட்டும் மேல இழுத்துப் பிடிக்கலைன்னா தலையே போயிருக்கும்!"

அண்ணன் சுவரைப் பார்த்தார். அண்ணி என் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"அண்ணி..."

"சொல்லுங்க தம்பி."

"மாத்திரை போடுற நேரமாச்சு. கிளம்புறேன்."

நான்கு மாதமாகிவிட்டது. மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. இதயம் நாற்பத்தைந்துக்கு ஏறியிருக்கிறது. அண்ணி இன்னும் அவரைத்தான் திட்டுகிறாள். அண்ணன் வழுக்கவில்லை, கையை விட்டவன் நான். அந்த உண்மையை நான் அண்ணிக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.