படத்தில் இல்லாத மச்சம்

ஊசியை உருவியதும் அண்ணியின் மூக்கோரம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளுத்துப் போயிருந்தது. கை அழுத்தியதால் வந்த வெளுப்பு, இதோ போய்விடும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க உனக்கென்ன தகுதி என்று கேட்டால், பதினாலு வருஷமாகப் புருவம் திருத்துகிறேன். இரண்டு நாள் ஊசி வகுப்புக்குப் போய் வாங்கிய சான்றிதழை என் பார்லர் சுவரில் மாட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். அதற்கு ஆணி அடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக்கூட நான் யோசிக்க எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணி வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவர். மூக்கிலிருந்து வாய்வரை இறங்கும் இரண்டு கோடுகளால், சும்மா இருந்தாலே கோபமாக இருப்பதுபோல் தெரிவார். வருகிறவர்கள் பயந்து பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விடுகிறார்களாம். தோலுக்கடியில் ஃபில்லர் ஊசி போட்டால் கோடு நிரம்பிவிடும் என்று வலியச் சொன்னது நான்தான். டாக்டரிடம் போக வேண்டாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று மார்தட்டினேன். என் வாயில் மண்ணைப் போட.

வலது பக்கம் சுருக்குச் சுருக்கென்று வலிக்கிறது என்றார். பார்லரில் எது வீங்கினாலும் ஐஸ்தான், வைத்தேன். வெளுப்பு போகவில்லை. மூக்கின் ஓரமாக மேலே ஏறியது, சுற்றிலும் நீலமாக வலை பின்னியதுபோல் ஏதோ தெரிந்தது. வெறும் கன்றலா, வேறு ஏதாவதா? வகுப்பில் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். நிறம் மாறினால் உடனே டாக்டரிடம் போகவும் என்று ஒரு வரி இருந்தது. என்ன நிறம், எவ்வளவு மாறினால் என்று இல்லை. கன்றினாலும் நிறம் மாறத்தானே செய்யும்?

என்னிடம் புருவம் திருத்த வரும் நர்ஸ் ஒருத்தி தோல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன். படம் அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன். நல்லாத்தானே இருக்கு, தோல் பளிங்கு மாதிரி இருக்கு என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பியது. படத்தை அண்ணியிடம் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், ஆனால் கன்னத்தைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் போனைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்த்தேன், மறுபடி போனைப் பார்த்தேன். எதை நம்புவது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து நிமிஷம் போனைத்தான் நம்பினேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. அண்ணியின் தாடையில் மிளகளவு மச்சம் உண்டு. படத்தில் அது இல்லை.

வாடிக்கையாளர்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று பார்லர் போன் கேமராவில் முகத்தை மெழுகிக் காட்டும் வசதியை நான்தான் போட்டு வைத்திருந்தேன். மூன்று வருஷமாக அணைக்கவே இல்லை.

மறுபடி போன் செய்து, படம் மெழுகியது, வெளுப்பு நிஜம் என்று சொன்னபோது நர்ஸின் குரல் மாறிவிட்டது.

"ஐஸை எடுங்க முதல்ல. விரலால அழுத்தி விட்டுட்டு, நிறம் திரும்ப எத்தனை எண்ண வேண்டியிருக்குன்னு பாருங்க."

இடது கன்னத்தில் இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தது. வலது கன்னத்தில் ஏழு. மருந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கும், உடனே தன் டாக்டரிடம் வண்டி ஏறுங்கள் என்றாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்ன மருந்து என்று மட்டும் கேட்டார். சில ஃபில்லரைக் கரைக்க ஊசி இருக்கிறது, சிலதற்குக் கிடையாதாம். வகுப்பு எடுத்தவளிடமே வாங்கிய டப்பாவைக் கொடுத்தேன். அதிலிருந்த எழுத்து எங்கள் யாருக்கும் தெரியாத பாஷை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு காத்திருக்க நேரமில்லை என்று கரைக்கிற மருந்தைச் சுற்றிலும் குத்தினார். அந்த வகையாக இருந்தால் கரையும் என்றார். இல்லாவிட்டால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அண்ணி அவரிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. சரியாயிடுமா?"

பதினாலு வருஷமாக அவர் முகத்தைப் பற்றி எது கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது.

"தெரியல அண்ணி."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் விரலால் அழுத்தி, எடுத்தார். அந்த இடம் அண்ணியின் கண்ணுக்குத் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்கு.