மூன்றாவது ஓலை

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை சொல்பவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். பெண் வீட்டுச் சபையில் மட்டுமல்ல, மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் வாசிப்பார்கள். கைதிகளைப் பார்த்து ஜெபம் செய்யும் திண்டிவனத்து ஜெயில் ஊழியக்காரர்கள் இதைத்தான் மறந்துபோனார்கள்.

மாப்பிள்ளை ரஞ்சித் எங்கள் விழுப்புரம் சபை. பெண், திண்டிவனம் புகழேந்தி, சித்ரா தம்பதியின் மகள் கலைப்பிரியா. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆட்டோ நிறுத்துவதில் வந்த தகராறில் என் வீட்டுக்காரர் சீனுவாசனை டயர் கழற்றும் கம்பியால் அடித்துக் கொன்றவன் அந்தப் புகழேந்தி. கடலூர் ஜெயிலில் ஆயுள் கைதி. அவன் பெயர் எங்கள் சபையில் யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் மறக்காது.

அவன் உள்ளே போனதும் ஊழியக்காரர்கள் அவன் மனைவிக்குத் தையல் மிஷின் கொடுத்தார்கள், மகளைப் படிக்கவைத்தார்கள். இப்போது அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்று சொல்லிச் சம்பந்தமும் பேசிவிட்டார்கள். கொன்றவன் குடும்பத்துக்கு இத்தனை பேர். செத்தவன் குடும்பத்தை எட்டிப் பார்க்க ஒரு நாதியில்லை.

முதல் ஓலையில் நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. பத்திரிகை அடிக்கட்டும், புடவை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாவது ஓலையில் எழுந்து நின்றேன்.

"பொண்ணோட அப்பன் சிங்கப்பூர்ல இல்லைங்க. என் தாலிய அறுத்துட்டு ஜெயில்ல கீறான்."

ரஞ்சித்தின் அம்மா அப்போதே மகனை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அன்றைக்கு எனக்கு வயிறாரச் சாப்பாடு இறங்கியது.

டிசம்பரில் ஊழியக்காரர் தேவநாதன் என் வீட்டுக்கு வந்தார்.

"சிஸ்டர், பொய் சொன்னது எங்க தப்புதான், மன்னிச்சிடுங்க. ஆனா விஷயம் கடலூருக்குப் போவ வேணாம். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுன்னுதான் கிறிஸ்துமஸுக்குப் போறப்ப புகழேந்திகிட்ட சொல்லப்போறோம்."

நான் அடித்த அடி அவனுக்கு வலிக்கவே போவதில்லையா?

"நானும் வர்றேன்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "ஆண்டவர் உங்க மனசுல பேசிட்டாரு சிஸ்டர்!"

மன்னிக்க வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

அன்றைக்கு நான் தனியாகப் பஸ்ஸில் போய் உள்ளே அவர்களோடு சேர்ந்துகொண்டேன். சிறைக்குள் ஜெபம் முடிந்ததும் தேவநாதன் அவனை அழைத்துவந்தார். தலை நரைத்திருந்தது. கையில் இனிப்புப் பெட்டி. என்னை அடையாளம் கண்டு கும்பிட்டான்.

"எம் பொண்ணு கல்யாணம் முடிஞ்சிட்டுதாம்ங்க. நீங்க மனசார வாழ்த்துனா போதும்."

"கல்யாணம் நடக்கல. ஓலைல எழுந்து நிறுத்துனது நாந்தான்" என்றேன்.

பெட்டி கை நழுவி விழுந்தது. அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பார்க்க எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? தேவநாதன் அவனைத் தூக்கக் குனிந்தார். நான் நிமிர்ந்து வெளியே வந்தேன்.

வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஊழிய வேன் நின்றது. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம் ஓடிவந்தாள். அவள் கோர்ட்டுக்கு வந்ததே இல்லை. என்னைத் தெரியாது. ஆனால் அந்த மூக்கு, அந்த நெற்றி, அப்படியே அவன்.

"அக்கா, எங்கப்பா புகழேந்தியப் பாத்தீங்களா? ஸ்வீட்டு நாந்தான் வாங்கிக் குடுத்தனுப்புனேன். துன்னாரா?"

"நீ உள்ள வரலியா?"

"எப்பிடிக்கா வர்றது? தாலி இல்லாம வந்து நின்னா கண்டுபுடிச்சிடுவாரே. கல்யாணம் ஆயிட்டுதுன்னு அவுரு நிம்மதியா இருக்கட்டும்னு நாந்தான் சொல்லச் சொன்னேன்." பேசிக்கொண்டே துப்பட்டாவைக் கழுத்தில் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவனிடம் அத்தனை துணிச்சலாகச் சொன்ன வாய்தான். அவளிடம் திறக்கவில்லை.

"சொல்லுங்கக்கா, துன்னாரா?" என்று மறுபடியும் கேட்டாள்.