பெண் கேட்க வந்த அன்று ஈசல்

தன் வீட்டில் கரையான் இல்லை என்று விக்ன்யோ சொல்லிவிட்டால் இல்லைதான். அலமாரியின் அடிப்பலகை மாவாக உதிர்ந்தால் அது வயசு. கதவு நிலையில் மண்கோடு ஏறினால் அது செமாராங் நகரத்தின் ஈரக்காற்று. கடல் பொங்கித் தெருவுக்குள் வரும் ஊரில் கொஞ்சம் மண் ஒட்டாமல் இருக்குமா என்பார். அவர் மனைவி ரெத்னோ, கணவர் பார்க்காத நேரத்தில் அந்த மண்கோட்டைத் துடைப்பக்கட்டையால் தட்டிவிட்டு, மறுநாள் அதே இடத்தில் அது மறுபடி முளைத்திருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

விக்ன்யோவும் சும்மா இருக்கவில்லை. மண்ணெண்ணெய் தடவினார், கிராம்பு எண்ணெய் தடவினார், மோட்டார் பட்டறையிலிருந்து கழிவெண்ணெய் வாங்கி வந்து தூணடியில் ஊற்றினார். இல்லாத கரையானுக்கு எதற்கு இத்தனை வைத்தியம் என்று கேட்டால், "வருமுன் காப்போம்" என்பார். பூச்சி மருந்துக் கம்பெனியைக் கூப்பிடலாம் என்று மட்டும் யாரும் வாய் திறக்கக்கூடாது. முன்பு ஒருமுறை அப்படி எவனோ வந்து வீடெல்லாம் புகையடித்துவிட்டுப் போனதில் அவருடைய பாடும் புறா செத்துப்போனது. அவர் தகப்பனார் செத்தபோதுகூட அப்படி அழவில்லை என்பது ரெத்னோவின் கணக்கு.

ஆகவே, அதன்பின் வாங்கிய புறாவைத் தூக்கிக்கொண்டு புறாப் பாட்டுப் போட்டிக்கென்று அவர் சோலோ ஊருக்குக் கிளம்பிப் போன அன்றுதான் ரெத்னோ திருட்டுத்தனமாகக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஜாத்மிகோ என்ற பையன் வந்தான். கையில் ஒரு சின்னச் சுத்தி, ஒரு டார்ச். மரத்துக்கு மரம் தட்டிக்கொண்டே போனான். டொக், டொக் என்று வந்த சத்தம் கூடத்து நடுத்தூணில் தொப் என்று விழுந்தது.

"இபு," என்று ரெத்னோவை அம்மா முறை வைத்து அழைத்து, "இது தூண் இல்ல. பெயின்ட் அடிச்ச பப்படம்," என்றான்.

உத்தரத்தைப் பார்க்க ஏணியில் ஏறியவனுக்கு மகள் செகார் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் இறங்கிய பிறகும் விடவில்லை. ரெத்னோ கவனித்தாள். மருந்துக்கு என்ன செலவாகும் என்று கேட்க வந்தவள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

விக்ன்யோவுக்குப் பயந்து மருந்து அடிக்க வழியில்லாமல் போனாலும் காதல் வளர வழி இருந்தது. மழைக்காலம் தொடங்கியபோது பையன் வீட்டார் பெண் கேட்டு வருவதென்று முடிவாயிற்று. மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று விக்ன்யோ கேட்டதற்கு, "பழைய கட்டடங்களைப் பாதுகாக்கற வேலைப்பா," என்றாள் செகார். மனிதர் பூரித்துப் போனார்.

முதல் மழை கொட்டி ஓய்ந்த அந்திப்பொழுது. தொழுகை முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜாத்மிகோவின் அப்பா சார்மின் வாய் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து அம்மா முர்சியா பேசினாள். லும்பியா என்ற பொரித்த சுருளும் தேநீரும் நடமாடின. விக்ன்யோ எழுந்து போய் நடுத்தூணில் சாய்ந்துகொண்டார்.

"பழைய ஜாவா தேக்கு. கரையான் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும். தம்பி, நீங்க இந்தத் துறையில இருக்கீங்க. தட்டிப் பாருங்க!"

ஜாத்மிகோ குழந்தையை ஏப்பம் விடவைப்பது போலத் தூணைத் தடவினான்.

"பலமா தட்டுங்க தம்பி!"

"வேண்டாம் பாக்," என்று ஐயா போட்டுப் பணிந்தான் அவன். "பெரியவங்க காலத்துத் தூண். மரியாதையா நடந்துக்கணும்."

"பாத்தியா, என்ன பணிவு!" என்று மனைவியிடம் சொன்னார் விக்ன்யோ.

அப்போதுதான் தூணடியிலிருந்து ஒரு ஈசல் வெளியே வந்தது. இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டு விளக்கை நோக்கிப் பறந்தது. பின்னால் இரண்டு வந்தன. அடுத்து, யாரோ உள்ளே அடுப்பு மூட்டியது போலத் தூணடியிலிருந்து ஈசல் புகையாகக் கிளம்பியது. தேநீரில் விழுந்தது, லும்பியாவில் ஒட்டியது, முர்சியாவின் கொண்டைக்குள் குடிபுகுந்தது. ஏதோ சொல்ல முதன்முறையாக வாயைத் திறந்த சார்மின், ஒன்று உள்ளே போனதும் சட்டென்று மூடிக்கொண்டார்.

"லைட்ட அணைங்க!" என்று கத்தினாள் ரெத்னோ.

இருட்டில் முர்சியாவின் குரல் கணீரென்று கேட்டது. "பேசின்ல தண்ணி கொண்டா பொண்ணே! மேல ஒரு விளக்கப் பிடி, அத்தனையும் விழுந்துடும். வீட்டுல பூண்டு இருக்கா? பொரிச்சா என்ன ருசி தெரியுமா!"

"இது எங்க வீட்டுது இல்ல," என்றார் விக்ன்யோ அவசரமாக. "பக்கத்து வீட்டு லியெம் வீட்டுலேருந்து வருது."

மதிலுக்கு அப்பாலிருந்து லியெம் கத்தினார்: "யோவ் விக்ன்யோ! உன் வீட்டு ஈசல் என் சூப்புல மிதக்குதுய்யா!"

இதற்குள் ஜாத்மிகோ தன்னை மறந்துவிட்டான். புதுச் சட்டையோடு தரையில் படுத்து, போன் வெளிச்சத்தில் தூணடியைக் குடைந்துகொண்டிருந்தான். "இபு, நான்தான் அன்னிக்கே சொன்னேனே, நடுத்தூண்தான்னு. அப்பவே மருந்து வச்சிருந்தா..."

அவன் போன் விளக்கைச் சட்டென்று அணைத்தான்.

"என்னிக்கு?" என்றார் விக்ன்யோ.

செகார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல ரெத்னோவுக்கு வராமல் இல்லை. ஆனால் தலையெல்லாம் ஈசல் ஊரும்போது நல்ல பொய்யாக ஒன்றும் தோன்றவில்லை.

"நீங்க புறாப் பாட்டுக் கேக்கப் போன அன்னிக்கு. நான்தான் கூப்பிட்டேன். தம்பி பூச்சி மருந்துக் கம்பெனி."

"பழைய கட்டடத்தப் பாதுகாக்கறதுன்னு சொன்னீங்க?"

"அதைத்தானேப்பா பண்றாரு," என்றாள் செகார்.

முர்சியா குபீரென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. விக்ன்யோ இருட்டில் தடவித் தடவி வாசல் பக்கம் போய், புறாக்கூண்டின் மேல் துணியைப் போர்த்தினார். திரும்பாமலே துணியின் ஓரங்களை இழுத்துவிட்டார்.

"மருந்து வச்சா இந்தப் புறா சாகுமா?" என்று கேட்டார் கடைசியில்.

"புகையே கிடையாது பாக். தரைக்குள்ள மருந்துப் பெட்டி வைப்போம். கரையானே தின்னுட்டுப் போய்த் தன் கூட்டத்துக்கு ஊட்டும். வேணும்னா வேலை முடியறவரைக்கும் கூண்டை எங்க வீட்டுல வச்சுக்கறேன்."

"என் புறா அசலார் வீட்டுல தூங்காது."

"அப்ப நான் இங்கயே கூண்டுக்குப் பக்கத்துல படுத்துக்கறேன் பாக்."

விக்ன்யோ திரும்பினார். "குறட்டை விடுவியா?"

"இல்ல பாக்."

"பொய்," என்றார் சார்மின். அன்று மாலை அவர் பேசிய ஒரே சொல் அது. விக்ன்யோவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான் என்று ரெத்னோவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று.

பூண்டும் உப்பும் போட்டுப் பொரித்த ஈசலை முதலில் தள்ளிவைத்தவர், பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் தூணைத் தின்றதை நான் தின்கிறேன் என்று காரணமும் சொன்னார்.

பெட்டி வைத்தார்கள். தூணின் அடிப்பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்தினார்கள். வேலையாட்கள் தலையில் விக்ன்யோ நாள் முழுவதும் ஏறி உட்கார்ந்திருந்தார். அது முடிந்ததும் மருமகனாகப் போகிறவனிடம் ஒரு சுத்தி வாங்கிக்கொண்டு லியெம் வீட்டுக் கதவு, கட்டில், சாமி மேடை என்று ஒன்று விடாமல் தட்டிப் பார்த்து, அந்தக் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று விருந்தாளிகள் நடுவே அவர் குரல்தான் ஓங்கி ஒலித்தது. "பொண்ணுக்கு ஏத்தவனா இருந்தா போதுமா? வீட்டுக்கும் ஏத்தவனா இருக்கணும். கரையான் இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். அதான் இந்தத் துறையிலேயே மாப்பிள்ளை தேடினேன்."

பரிமாறிக்கொண்டிருந்த ரெத்னோவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றாள் அவள். "பாவம், செருப்புத் தேய அலைஞ்சாரு."